10க்கு 14 அடி ஸ்டுடியோவில் கிளாமர் போர்ட்ரெய்ட்: நெற்றி மினுங்குது, பின்னால் நிழல் விழுது, கூந்தல் தெரியல

ஒளிக்குடை கேட்டது:

அறை 10க்கு 14 அடி, சீலிங் 9 அடி. சுவர் இளம்பச்சை டிஸ்டெம்பர். 300 வாட்-செகண்ட் ஸ்ட்ரோப் (ஸ்டுடியோ ஃப்ளாஷ்) இரண்டு, 60க்கு 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட ஒளிப்பெட்டி) ஒன்று, வெள்ளைக் குடை ஒன்று, 7 இஞ்ச் ரிஃப்ளெக்டர் ஒன்று. கேமரா ஏபிஎஸ்-சி சென்சார், லென்ஸ் 50 எம்எம் 1.8. பின்னணிக்குச் சாம்பல் பேப்பர் ரோலும் கறுப்புத் துணியும் இருக்கின்றன.

கல்யாணப் பெண்களின் தனிப்படமும் மாடலிங் போர்ட்ஃபோலியோவும்தான் பெரும்பாலும் வருகின்றன. பெண்ணைப் பின்னணியிலிருந்து 2 அடி தள்ளி ஸ்டூலில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் 6 அடி தூரத்தில் இரண்டு லைட், ஒரே பவர். ஒளியை அளக்கும் மீட்டர் இல்லை.

வரும் குறைகள்: நெற்றி, மூக்கு நுனி, கன்னமேடு மூன்றும் வெள்ளைத் திட்டாக மினுங்குகின்றன. முகம் தட்டையாக, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கிறது. பின்னணியில் இரண்டு பக்கமும் தலையின் நிழல். கறுப்புத் துணி போட்டால் கூந்தல் அதோடு கரைந்துவிடுகிறது. பட்டுப்புடவையின் ஜரிகை வெளுத்துப் போகிறது. மூன்றாவது லைட் வாங்கினால் சரியாகுமா? வாங்குவதென்றால் பியூட்டி டிஷ்ஷா (வட்டத் தட்டு வடிவ ரிஃப்ளெக்டர்), ஸ்ட்ரிப்பா (ஒடுங்கிய நீளச் சாஃப்ட்பாக்ஸ்)?

---

சாம்பல்_அட்டை:

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது ஆவணத்தை நகலெடுப்பதற்கான லைட்டிங். இரண்டு பக்கமும் சம பவர் என்றால் ஒன்றின் நிழலை மற்றொன்று அழித்துவிடும். மூக்குக்கும் தாடைக்கும் வடிவம் கொடுப்பதே நிழல்தான், அது போனதும் முகம் தட்டையாகிறது. கிளாமர் படத்துக்கு முகத்தில் ஒரே ஒரு முதன்மை லைட் இருந்தால் போதும்.

மினுமினுப்பை எடுத்துக்கொள்வோம், பலரும் இதைத் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். தோலில் தெரியும் அந்த வெள்ளைத் திட்டு, எண்ணெய்ப் பசையில் தெரியும் சாஃப்ட்பாக்ஸின் பிம்பம். பிம்பத்தின் பிரகாசம் சாஃப்ட்பாக்ஸ் துணியின் பிரகாசத்தைப் பொறுத்தது. லைட்டை 6 அடியிலிருந்து 3 அடிக்குக் கொண்டுவந்தால் முகத்தில் விழும் ஒளி நான்கு மடங்காகும். படத்தின் வெளிச்சம் (எக்ஸ்போஷர்) மாறாமல் இருக்க பவரை இரண்டு ஸ்டாப் இறக்குவீர்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் ஒளி பாதி, ஏற்றினால் இரட்டிப்பு), உதாரணமாக அரையிலிருந்து எட்டில் ஒன்றுக்கு. அப்போது துணியின் பிரகாசமும் இரண்டு ஸ்டாப் இறங்கிவிடும். தோலின் நிறம் அதேபடி இருக்கும், திட்டு மட்டும் அகலமாகி மங்கி, பளபளப்பு என்று சொல்லத்தக்க மென்மைக்கு வந்துவிடும். மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் இது இன்னும் முக்கியம், அந்தத் தோலில் முகத்தின் வளைவுகளைக் காட்டுவதே இந்த அகலமான பளபளப்புதான். பவரைக் கூட்டி முகத்தை வெளுக்க வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வந்த பெண்ணின் நிறம் படத்திலும் அதேபடி வர வேண்டும்.

இனி இடம். பின்னணியிலிருந்து 5 அடி முன்னால் ஸ்டூல். அங்கிருந்து 6 அடியில் கேமரா. உங்களுக்குப் பின்னால் 3 அடி மிஞ்சும், 14 அடி நீளத்துக்கு இது சரியாகப் பொருந்தும். 50 எம்எம்மில் அந்தத் தூரத்திலிருந்து தலை முதல் மார்பு வரை சட்டத்துக்குள் வரும். 4 அடிக்கு நெருங்கி எடுக்காதீர்கள், மூக்கு பெரிதாகவும் காதுகள் உள்வாங்கியும் தெரியும். அது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் விளைவு.

சாஃப்ட்பாக்ஸைப் படுக்கை வாட்டில் திருப்பி, லென்ஸுக்கு நேர் மேலே, முகத்திலிருந்து 3 அடியில், சுமார் 40 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும், எனவே பெட்டியின் நடு 6 அடியில் வரும். 9 அடி சீலிங் இதற்குத் தாராளம். நின்ற நிலையில் எடுத்தால்தான் சீலிங் இடிக்கும். லைட்டைத் தலைக்கு மேலே நீட்டிப் பிடிக்கும் பூம் கம்பி இல்லையென்றால் ஸ்டாண்டைக் கேமராவுக்கு ஒட்டினாற்போல் ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, அவரை மூக்கை லைட்டுக்கு நேராகத் திருப்பச் சொல்லுங்கள். அளவுகோல் மூக்கின் நிழல்தான். மூக்குக்குக் கீழே சின்னதாகப் பட்டாம்பூச்சி மாதிரி விழ வேண்டும், மேலுதட்டைத் தொடக் கூடாது. தொட்டால் லைட் அதிக உயரம். கருவிழியின் மேல்பாதியில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும் அதே காரணம்தான். நிழலே விழாவிட்டால் லைட் தாழ்ந்திருக்கிறது. கண் குழிந்த முகத்துக்கு விதியைப் பார்க்காமல் இறக்கிக்கொள்ளுங்கள்.

மார்புக்குக் கீழே, மடிக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் ஷீட், மேல்நோக்கிச் சாய்த்து. கழுத்து நிழலும் கண்ணுக்கடி கருமையும் இதனால் இளகும். கீழிருந்து வரும் ஒளி மேலிருந்து வருவதைவிட ஒன்றரை ஸ்டாப்பாவது குறைவாக இருக்கட்டும். இரண்டும் சமமானால் தாடை வரி காணாமல் போகும், கீழ் ஒளி மிஞ்சினால் முகமே பயமுறுத்தும்.

பின்னணி நிழல் இத்துடன் தீர்ந்துவிடும். லைட் உயரத்தில் இருப்பதால் நிழல் சட்டத்துக்குக் கீழே போய்விடும். முகம் 3 அடி, பேப்பர் 8 அடி என்பதால் பேப்பருக்கு ஏறக்குறைய 2.8 ஸ்டாப் குறைவான ஒளிதான் போகும். சாம்பல் ரோல் தானாகவே கரும்சாம்பலாகிவிடும், கறுப்புத் துணி தேவைப்படாது.

கடைசியாக அந்தப் பச்சைச் சுவர். சிறிய அறையில் சுவர்தான் உங்கள் மூன்றாவது லைட். ஸ்ட்ரோபின் ஒளி சுவரில் பட்டு, பச்சையாகி, முகத்தின் நிழல் பக்கத்தில் விழுகிறது. முகத்தின் நடு சரியான நிறத்திலும் ஓரம் பச்சையிலும் இருப்பதால் ஒயிட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமன் அமைப்பு) திருத்தி இதைச் சரி செய்ய முடியாது. மேட் சாம்பல் அடியுங்கள். அதுவரை இரண்டு பக்கமும் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்திக்கொள்ளுங்கள், ஆட்டோ வேண்டாம்.

---

பவுடர்_பஃப்:

மேக்கப் பக்கத்துல இருந்து நாலு விஷயம் சொல்றேன். லைட் எவ்வளவு சரியா வச்சாலும் இது தப்பினா படம் போச்சு.

முகம் மட்டும் திட்டுத்திட்டா வெளுத்து, நேர்ல பார்த்தா நல்லா இருக்குன்னா அது பவுடர். எச்டி பவுடர்னு விக்கிற சிலிக்கா பவுடர், ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிற சன்ஸ்க்ரீன், இதெல்லாம் ஃப்ளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கும். ரூம் லைட்ல ஒண்ணும் தெரியாது. கண்ணுக்கடியில கொஞ்சம் அதிகமா போட்டிருந்தா அங்க மட்டும் வெள்ளைப் பிறை மாதிரி வரும். பேஸ் முடிஞ்சதும், கண் மேக்கப் தொடங்குறதுக்கு முன்னாடி, ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பாருங்க. முழுசா முடிச்ச பிறகு கண்டுபிடிச்சா எல்லாத்தையும் கலைக்கணும்.

அடுத்தது கழுத்து. ஃபவுண்டேஷன் ரெண்டு ஷேடு ஏத்திப் போடுறது நம்ம ஊர் பழக்கமா ஆயிடுச்சு. ஸ்ட்ரோப் அடிச்சா முகம் ஒரு நிறம், கழுத்து, காது, கை வேற நிறம். ஷேடைத் தாடை ஓரத்துல கழுத்தோட ஒப்பிட்டு எடுக்கணும், காதுக்கும் தோள்பட்டைக்கும் தொடரணும். நகை போடுற முன்னாடியே இதைச் செய்யணும், போட்டப்புறம் ஆரத்துல அப்பிக்கும்.

மினுக்கத்துக்கு மேல மேல பவுடர் போடாதீங்க. பிளாட்டிங் பேப்பரையோ ஒரு அடுக்கு டிஷ்யூவையோ நெற்றி, மூக்கோரம், மேலுதடுன்னு அழுத்தி எடுங்க, தேய்க்கக் கூடாது. அதுக்கப்புறம் மெல்லிசா பவுடர். ஏசி இல்லாத ரூம்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டி வரும். ஸ்ட்ரோப்குள்ள எப்பவும் எரியுற மாடலிங் லேம்ப் ஹாலஜனா இருந்தா இன்னும் சீக்கிரம் வேர்க்கும்.

பொய் இமை ரொம்ப நீளமா வச்சு, லைட்டை உச்சியில ஏத்தினா, இமையோட நிழல் கருவிழியில கோடு கோடா விழும். சாம்பல்_அட்டை சார் சொன்ன தெர்மாகோலை இன்னும் கிட்ட கொண்டு வாங்க, இல்லன்னா லைட்டை அரை அடி இறக்குங்க.

---

ஹேர்லைட்:

முதல் பதிலோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஓரிடம் தவிர. தங்க நகை போட்ட பெண்ணுக்கு வெறும் வெள்ளைத் தெர்மாகோல் போதாது. தங்கத்துக்கென்று தனிப் பிரகாசம் கிடையாது, எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். சுவரெல்லாம் கறுப்புத் துணி தொங்கவிட்டால் ஆரமும் ஜிமிக்கியும் கறுத்துப்போய், விளிம்பில் மட்டும் கோடு தெரியும். மார்புக்கு எதிரே கீழே வெள்ளை ஷீட்டை வைத்து, கூடவே கேமராவின் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி அகலத்தில் வெள்ளைப் பட்டை ஒவ்வொன்று நிறுத்துங்கள். முகத்துக்கு அதிலிருந்து வரும் ஒளி மிகக் குறைவுதான், நகைக்கு அதுவே போதும். வெள்ளி ஃபாயில் ரிஃப்ளெக்டர் வேண்டாம். ஒவ்வொரு முகப்பிலும் தனித்தனிப் புள்ளியாகத் தெறிக்கும், ரீடச்சிங்கில் உயிரை வாங்கும்.

இப்போது கூந்தல். இரண்டாவது ஸ்ட்ரோபுக்கு இதுதான் வேலை. குடையை எடுத்துவிடுங்கள், அது எல்லாப் பக்கமும் ஒளியை இறைக்கும், லென்ஸுக்குள்ளும் வரும். 7 இஞ்ச் ரிஃப்ளெக்டரில் 20 டிகிரி தேன்கூட்டு கிரிட் (ஒளி பரவாமல் குறுக்கும் சல்லடை) மாட்டி, பெண்ணுக்குப் பின்னால் ஒரு பக்கத்தில், தலைக்கு இரண்டடி மேலே, கேமரா பார்க்காத இடத்தில் வையுங்கள். வாங்க வேண்டியது இந்தக் கிரிட் ஒன்றுதான். அதுவும் கைக்கு வரும் வரை கறுப்புச் சார்ட் பேப்பரை 8 இஞ்ச் நீளக் குழாயாகச் சுருட்டி மாட்டினால் போதும், மாடலிங் லேம்பை மட்டும் அணைத்துவிடுங்கள், பேப்பர் கருகும். லைட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு கறுப்பு அட்டை நிற்கட்டும், படத்தில் கறுப்பு வெளிறினால் அட்டை சரியான இடத்தில் இல்லை என்று பொருள்.

பவர் கூந்தலைப் பொறுத்தது. காய்ந்த கறுப்பு முடிக்கு முதன்மை லைட்டைவிட அரை ஸ்டாப் கூடுதல். எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலைக்கு அரை ஸ்டாப் குறைவு, இல்லாவிட்டால் வகிட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பாளமாகிவிடும். மல்லிகைச்சரம் வைத்திருந்தால் ஒரு ஸ்டாப்பாவது குறையுங்கள். வெள்ளைப்பூ பின் ஒளியில் முதலில் வெடித்துப்போகும், இதழ் எதுவும் தெரியாது, தலையில் பஞ்சு ஒட்டினதுபோல் வரும். பூ இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் பாதிப் பிரச்சினை குறையும். இந்த ஒளி மூக்கு நுனியைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தொட்டால் லைட்டை இன்னும் பின்னுக்குத் தள்ளுங்கள்.

ஜரிகை வெளுப்பதற்குக் காரணம், 6 அடியிலிருந்து அடிக்கும்போது முகத்துக்கும் மார்புக்கும் ஏறக்குறைய ஒரே ஒளி போவது. லைட் 3 அடிக்கு வந்ததும் முகம் 3 அடி, புடவை மடிப்பு 4 அடி என்றாகும். அந்த ஓரடிக்கு முக்கால் ஸ்டாப்புக்கு மேல் குறைந்துவிடும். இன்னும் வெளுத்தால் ஜரிகைக் கரை லைட்டை நேராகப் பார்க்கிறது. உடம்பை 30 டிகிரி திருப்பி, முகத்தை மட்டும் கேமராவுக்குக் கொண்டுவாருங்கள். கரை சாய்ந்ததும் பட்டின் நெசவு தெரியும், இரட்டை நிறப் பட்டென்றால் இரண்டு நிறமும் தெரியும்.

---

ஒளிக்குடை:

மிக்க நன்றி. சொன்னபடி இடத்தை மாற்றியதுமே பின்னணி நிழல் போய்விட்டது, மினுக்கமும் குறைந்துவிட்டது. இன்னும் மூன்று சந்தேகம். மீட்டர் இல்லாமல் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் என்று எப்படி அளப்பது? வட்ட முகத்துக்கும் இதே லைட்டிங்தானா? கண்ணாடி போட்டவர் வந்தால் என்ன செய்வது?

---

சாம்பல்_அட்டை:

18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா மேனுவல், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, லென்ஸ் துவாரம் எஃப் 8 (எண் கூடினால் துவாரம் சுருங்கும்). முதலில் எந்த ஸ்ட்ரோபும் எரியாமல் ஒரு படம் எடுங்கள், முழுக் கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் அறை விளக்கு கலக்கிறது. பிறகு முதன்மை லைட் மட்டும். அட்டையை முகம் இருக்கும் இடத்தில், லைட்டைப் பார்த்தபடி பிடித்து எடுங்கள். ஹிஸ்டோகிராமில் (கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) கூர்முனை நடுவில் நிற்கும்வரை பவரைத் திருப்புங்கள். 3 அடியில் உங்கள் ஸ்ட்ரோபுக்குக் கால் பவருக்கு அருகில் வரும். கூந்தலுக்கான லைட்டுக்கும் (ஹேர்லைட்) இதேதான். மற்றதை அணைத்துவிட்டு, அட்டையைத் தலை இருக்குமிடத்தில் அந்த லைட்டை நோக்கித் திருப்பி, அட்டையின் முகம் தெரியும் கோணத்திலிருந்து எடுங்கள். எஃப் 8-இல் கூர்முனை நடுவில் வந்தால் இரண்டும் சமம். எஃப் 11-இல் நடுவில் வந்தால் ஹேர்லைட் ஒரு ஸ்டாப் கூடுதல், எஃப் 5.6-இல் வந்தால் ஒரு ஸ்டாப் குறைவு. தூரத்தை மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும். ஸ்டாண்ட் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் அடுத்த முறை நேரம் மிச்சமாகும். கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையை (வெளுத்துப்போன இடம் திரையில் மின்னிக் காட்டும் வசதி) போட்டுக்கொள்ளுங்கள், கல் பொட்டிலும் மூக்குத்தியிலும் மின்னினால் பரவாயில்லை, நெற்றியில் மின்னக் கூடாது.

வட்ட முகத்துக்கு நேர் மேலிருந்து வரும் லைட் அகலத்தைக் கூட்டித்தான் காட்டும். முகத்தைக் கேமராவிலிருந்து 30 டிகிரி திருப்பி, லைட்டையும் முகம் திரும்பிய பக்கத்துக்கே நகர்த்துங்கள். கேமராவுக்கு அருகிலுள்ள அகலமான கன்னம் நிழலாகிவிடும், அப்பாலுள்ள குறுகிய பகுதி மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். முகம் மெலிந்து தெரியும். தப்பிப் போய் லைட்டை அருகிலுள்ள கன்னத்தின் பக்கம் வைத்துவிட்டால் அப்படியே எதிர்ப்பலன். தாடையை முதலில் முன்னால் நீட்டச் சொல்லி, பிறகு கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். வெறுமனே 'கீழே பாருங்க' என்றால் கழுத்தில் மடிப்பு விழும்.

கண்ணாடிக்கு, காதின் மேல் இருக்கும் கம்பியை அரை இஞ்ச் தூக்கிவிடுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், மேலே உள்ள சாஃப்ட்பாக்ஸ் அதில் தெரியாது. ஆனால் கீழேயுள்ள வெள்ளை ஷீட் தெரியத் தொடங்கும், எனவே அதை எடுத்துவிட வேண்டும் அல்லது இன்னும் கீழே இறக்க வேண்டும். நகையும் கண்ணாடியும் சேர்ந்து வந்தால் ஹேர்லைட் சொன்ன பக்கப் பட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

வெள்ளித்திரை_விளக்கு:

பழைய ஹாலிவுட் பாணியில் கறுப்பு வெள்ளை கேட்டு யாராவது வந்தால், மேலே சொன்ன மென்மை எல்லாம் தலைகீழ். 1930இல் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் சேர்ந்த புகைப்படக்காரர் ஜார்ஜ் ஹரெல் போன்றவர்கள் நடிகைகளை எடுத்தது கடின ஒளியில். குவிக்கக்கூடிய ஸ்பாட் விளக்கு, கூர்மையான மூக்கு நிழல், பளிச்சென்ற கன்னமேடு. அந்தத் தோலின் மழமழப்பு லைட்டில் வந்ததல்ல, பெரிய நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்து கொண்டுவந்தது.

உங்களிடம் இருப்பதிலேயே செய்யலாம். கிரிட் போட்ட 7 இஞ்ச் ரிஃப்ளெக்டரை முதன்மையாக்குங்கள், முகத்திலிருந்து 5 அடி, அதே பட்டாம்பூச்சிக் கோணம். ஒளி வட்டம் முகத்தில் மட்டும் விழ வேண்டும், தோளுக்குப் போகும்போது இருளட்டும். சாஃப்ட்பாக்ஸைக் கறுப்பு அட்டையால் மூடி ஓரடி அகலப் பட்டையை மட்டும் திறந்து பின்னால் ஹேர்லைட்டாக வையுங்கள். தெர்மாகோல் வேண்டாம். இந்த ஒளியில் முகம் ஒரு இஞ்ச் திரும்பினாலும் நிழல் இடம் மாறும், ஆகவே ஸ்டூலில் அசையாமல் இருக்கச் சொல்லி, ஒவ்வொரு படத்துக்கும் நிழலைப் பார்த்துத்தான் ஷட்டரை அழுத்த வேண்டும். மேட் ஃபவுண்டேஷன் இங்கே உதவாது, லேசான பளபளப்பு இருந்தால்தான் கன்னமேடு எழும். பருத் தழும்பு அதிகமுள்ள முகத்துக்கு இதை முயல வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் விழும்.

ரீடச்சிங்கில் தோலை மொத்தமாக மங்கலாக்காதீர்கள். கறுப்பு வெள்ளையில் துளைகள் போய்விட்டால் முகம் மெழுகாகத் தெரியும்.

---

ஹேர்லைட்:

பூம் பற்றி ஒரு வார்த்தை, பின்னால் எப்படியும் வாங்குவீர்கள். மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கால் பூம் நீண்டிருக்கும் திசையில் இருக்க வேண்டும். எதிர்முனையில் எடை கட்ட வேண்டும், ஸ்டாண்டின் காலிலும் 7 கிலோ மணல்பை கிடக்க வேண்டும். எடை கட்டாத பூம் ஸ்டூலில் இருப்பவர் தலைக்கு நேர் மேலே நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். முதலில் எடையைக் கட்டுங்கள், அப்புறம் லைட்டை மாட்டுங்கள், கழற்றும்போது லைட் முதலில்.

கரண்ட் போனால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஸ்ட்ரோபைச் செருகாதீர்கள், சார்ஜ் ஆகும் சர்க்யூட் சூடேறிக் கெடும். வோல்டேஜ் குறைவான நேரத்தில் ஸ்ட்ரோப் நிரம்பச் சில நொடி கூடுதலாகும். ரெடி விளக்கு வருவதற்குள் அழுத்தினால் ஐந்தாறு படத்துக்கு ஒன்று இருண்டு வரும். கேமராவிலிருந்து ஸ்ட்ரோபை எரியவைக்கும் டிரிகர் கெட்டுவிட்டதென்று மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஸ்ட்ரோபின் ஃப்ளாஷ் டியூபை வெறும் கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கருத்து வெடிக்கும். ஸ்ட்ரோபின் பெட்டியைத் திறந்து பார்க்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.